ஒரு ஒயர் நிறுத்திய 41,480 கிலோவாட்: டாலி கப்பல் நிகழ்வு ஆய்வு

டாலி கப்பலின் மெயின் என்ஜின் அன்று பழுதாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் அந்தக் கப்பல் மோதி, பாலம் சில விநாடிகளில் சரிந்து ஆற்றுக்குள் போன வீடியோவை உலகமே பார்த்தது. பலரும் "என்ஜின் ஃபெயிலியர்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். குளிர்விக்கும் தண்ணீர் வராவிட்டால் நின்றுவிடு என்று அந்த என்ஜினுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். தண்ணீர் வரவில்லை, நின்றது. அவ்வளவுதான். தண்ணீர் ஏன் வரவில்லை என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் ஒரு மெல்லிய ஒயரும் அதில் மாட்டியிருந்த ஒரு லேபிளும் வந்து நிற்கின்றன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் விசாரித்து, 2025 நவம்பரில் சொன்ன முடிவு அதுதான்.

பாலத்தின் மேல் அந்த நேரத்தில் சாலைக் குழிகளை அடைக்கும் வேலையில் இருந்தவர்கள், மேற்பார்வையாளரையும் சேர்த்து எட்டுப் பேர். ஆறு பேர் இறந்தார்கள். கீழே நான் பம்ப், பிரேக்கர் (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று பேசிக்கொண்டே போவேன். இந்தக் கணக்கு பின்னால் இருந்துகொண்டே இருக்கிறது என்பதற்காக இங்கேயே எழுதிவைக்கிறேன்.

முதலில் என்ஜின்

டாலி 2015-இல் தென் கொரியாவின் ஹூண்டாய் தளத்தில் கட்டப்பட்ட கப்பல். நீளம் 300 மீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய பத்தாயிரம் இருபதடி கன்டெய்னர். இத்தனைக்கும் ஒரே ஒரு ப்ரொப்பெல்லர், ஒரே ஒரு மெயின் என்ஜின். மேன் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் வடிவமைப்பில் ஹூண்டாயே தயாரித்த 9எஸ்90எம்இ-சி வகை. இந்தப் பெயரைப் பிரித்துப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: 9 சிலிண்டர், எஸ் என்றால் பிஸ்டன் மிக நீளமாக ஏறி இறங்கும் ரகம், சிலிண்டரின் உள்விட்டம் 90 சென்டிமீட்டர், எம்இ என்றால் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு. ஒரு பிஸ்டனின் தலையில் ஒரு ஆள் தாராளமாக ஏறி நிற்கலாம். அந்தப் பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம் மூன்று மீட்டருக்கு மேல். திறன் 41,480 கிலோவாட், அதாவது சுமார் 55,600 குதிரைத்திறன்.

ஆனால் வேகம்? முழு ஓட்டத்திலும் நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் நாடித்துடிப்பு அளவு. இந்த மந்தம் வேண்டுமென்றே வைத்தது, ஏனென்றால் ப்ரொப்பெல்லர் பெரிதாகவும் மெதுவாகவும் சுற்றினால்தான் தண்ணீரை வீணாகக் கலக்காமல் கப்பலைத் தள்ளும், அப்புறம் ஒவ்வொரு முறையும் எரிபொருள் எரிந்து முடிக்க நிறைய நேரம் கிடைப்பதால் கெட்டியான, தாரைப் போன்ற எண்ணெயையும் இது அலட்டிக்கொள்ளாமல் எரித்துவிடும். எண்ணெயில் உள்ள ஆற்றலில் பாதியை ஒட்டிச் சுழற்சியாக மாற்றிவிடுகிற என்ஜின் இது. நாம் ஓட்டும் பெட்ரோல் வண்டிகள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

இன்னொன்று. இது டூ-ஸ்ட்ரோக், கிராஸ்ஹெட் வகை. லாரி என்ஜினில் பிஸ்டனோடு கனெக்டிங் ராடு (சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) நேராக மாட்டியிருக்கும். இங்கே பிஸ்டனிலிருந்து ஒரு நேர்தண்டு கீழே இறங்கி, கிராஸ்ஹெட் என்ற கட்டையில் முடிகிறது, அங்கிருந்துதான் கனெக்டிங் ராடு தொடங்குகிறது. பக்கவாட்டு உதையை கிராஸ்ஹெட் வாங்கிக்கொள்வதால் சிலிண்டர் சுவர் தப்பிக்கிறது. நடுவில் ஒரு தடுப்பு இருப்பதால் எரிந்த கசடு கீழே உள்ள சுத்தமான எண்ணெயில் விழுவதில்லை. கப்பல் என்ஜினியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த ஒரு ஏற்பாட்டைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனால் டாலிக்குத் திரும்புவோம்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமானது வேறொரு குணம்: இதில் கியர்பாக்ஸும் கிடையாது, கிளட்சும் கிடையாது. என்ஜின் சுற்றினால் ப்ரொப்பெல்லர் சுற்றும், என்ஜின் நின்றால் கப்பலுக்குத் தள்ளுவிசை இல்லை. பின்னால் போக வேண்டும் என்றால் என்ஜினையே நிறுத்தி, எதிர்த் திசையில் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்வதும் பேட்டரி மோட்டாரால் அல்ல. பெரிய தொட்டிகளில் 30 பார் அழுத்தத்தில் அடைத்துவைத்த காற்றைச் சிலிண்டருக்குள் விட்டுத்தான் இதைச் சுழற்றவே முடியும்.

இப்போது கதையின் மையத்துக்கு வருகிறோம். இவ்வளவு பெரிய உடம்பு, தன் காலில் நிற்காது. சிலிண்டர் சுவரைச் சுற்றி ஓடும் தண்ணீரைத் தள்ள ஒரு பம்ப், தாங்கிகளுக்கு எண்ணெய் கொடுக்க இன்னொரு பம்ப், எரிபொருளை அழுத்தத்தோடு கொண்டுவர வேறு பம்புகள், கப்பல் மெதுவாகப் போகும்போது டர்போசார்ஜர் போதுமான காற்று தராது என்பதால் துணைக்கு ஊதும் மின்விசிறிகள், எம்இ வகையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் எரிபொருளைப் பீய்ச்சவும் வால்வு திறக்கவும் தேவையான ஹைட்ராலிக் எண்ணெய்க்கு ஒரு மின்பம்ப், இதையெல்லாம் நடத்தும் கம்ப்யூட்டர்கள். இவை அத்தனையும் ஓடுவது மின்சாரத்தில். அந்த மின்சாரத்தை டாலியில் மெயின் என்ஜின் தரவில்லை. தனியாக நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் தந்தன. 41,480 கிலோவாட் இருந்தாலும், பக்கத்து அறையில் ஓடும் சின்ன என்ஜின்கள் கரண்ட் கொடுத்தால்தான் இதற்குத் தண்ணீர் வரும்.

அந்த நான்கு நிமிடங்கள்

டாலி நள்ளிரவு தாண்டி 12:39-க்கு சீகர்ட் முனையத்திலிருந்து கிளம்பியது. போகும் இடம் கொழும்பு. கப்பலில் 21 மாலுமிகள், பெரும்பாலோர் இந்தியர்கள். கூடவே துறைமுகப் பாதையில் கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் பைலட்கள் இருவர். துறையிலிருந்து வெளியே இழுத்துவிட்ட டக் படகுகள் வழக்கம்போல விலகிக்கொண்டன. கப்பல் எட்டு, ஒன்பது நாட் (மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர்) வேகத்தில் கால்வாய்ப் பாதையில் நேராகப் பாலத்தை நோக்கி வந்தது.

சுமார் 1:25. பாலத்துக்கு 0.6 மைல், அதாவது கப்பலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு தூரம். அந்த நேரத்தில் இரண்டு பிரேக்கர்கள் தாமாகத் திறந்துகொண்டன. விளக்குகள் அணைந்தன. பம்புகள் நின்றன. தண்ணீர் அழுத்தம் விழுந்ததைப் பார்த்த மெயின் என்ஜின் தானாக நின்றது. சுக்கானைத் திருப்பும் பம்புகளும் போயின.

என்ஜின் அறையில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள், சரியாகச் சொன்னால் 58 விநாடியில், பிரேக்கர்களைக் கையால் மூடி மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இருட்டில், அலாரங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, என்ன போனது என்று கண்டுபிடித்துச் செய்த வேலை அது. என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஆனால் பாலத்துக்கு 0.2 மைல் இருக்கும்போது மறுபடி பிளாக்அவுட். இந்த முறை ஜெனரேட்டர்களே நின்றன.

பைலட் டக் படகுகளைத் திரும்பக் கூப்பிட்டார், நங்கூரம் போடச் சொன்னார், சுக்கானை இடப்பக்கம் முழுவதும் திருப்பச் சொன்னார், பாலத்தை மூடச் சொல்லித் தகவல் போனது. காவலர்கள் இரு முனைகளிலும் வண்டிகளை நிறுத்தினார்கள், அதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். மேலே வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி நேரத்தில் போய்ச் சேரவில்லை. 1:29-க்கு, சுமார் 6.5 நாட் வேகத்தில், கப்பல் தூணில் மோதியது.

6.5 நாட் என்பது மிதிவண்டியை நிதானமாக மிதிக்கும் வேகம். ஆனால் அந்த வேகத்தில் வந்தது சரக்கும் எண்ணெயும் சேர்த்து ஒரு லட்சம் டன்னுக்கு மேல். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த மோதலில் இருந்த ஆற்றல், இதே மெயின் என்ஜின் முழுத் திறனில் கால் நிமிடம் ஓடினால் உண்டாக்கும் ஆற்றலை ஒட்டி வருகிறது. கால் நிமிடம்தான்! இந்த என்ஜின் எவ்வளவு பெரியது என்று இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கால் நிமிடம்தான் அன்று கிடைக்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அது சரியாக இருக்காது. முழுத் திறனை எட்ட இந்த என்ஜினுக்கு நிறைய நேரம் வேண்டும், பின்னோக்கிச் சுழலும் ப்ரொப்பெல்லர் அத்தனை ஆற்றலையும் தண்ணீருக்கு மாற்றுவதும் இல்லை.

முதல் பிளாக்அவுட்: லேபிள்

ஜெனரேட்டர்கள் தருவது 6,600 வோல்ட். அதை டிரான்ஸ்ஃபார்மர் 440 வோல்ட்டாக இறக்கித் தர, அதிலிருந்துதான் பெரும்பாலான பம்புகளும் விளக்குகளும் ஓடுகின்றன. டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு, ஒன்று ஓட மற்றது காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேல்பக்கம் ஒரு பிரேக்கர், கீழ்ப்பக்கம் ஒரு பிரேக்கர். அன்று திறந்துகொண்டது முதலாம் டிரான்ஸ்ஃபார்மரின் பிரேக்கர்கள்.

மேல்பக்கப் பிரேக்கரின் கட்டுப்பாட்டுச் சுற்றில் ஒரு சிக்னல் ஒயர். அது போய்ச் சொருக வேண்டியது ஸ்பிரிங் பிடிப்பு வைத்த ஒரு டெர்மினலில். ஒவ்வொரு ஒயரும் எது என்று தெரிவதற்காக நுனியில் ஒரு லேபிள் பட்டை மாட்டியிருப்பார்கள், நல்ல பழக்கம்தான். இந்த ஒயரில் அந்தப் பட்டை கொஞ்சம் நுனிப்பக்கமாகத் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. அதனால் ஒயர் உள்ளே முழுவதும் போகவில்லை. பட்டை வாயிலேயே முட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் சொருகியது போலத்தான் தெரியும். நாளடைவில் பிடிப்பு தளர்ந்து, அன்று தொடர்பு விட்டது. பிரேக்கர் திறந்தது.

இப்படிப்பட்ட ஒயர்கள் ஒரு கப்பலில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமா? வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவால் மின்பலகைகளைப் பார்த்தால் தளர்ந்த இணைப்புகள் சூடாகத் தெரியும் என்று விசாரணை வாரியம் யோசனை சொல்லியிருக்கிறது.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறு. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததே, ஒன்று போனால் மற்றது ஏற்றுக்கொள்ளத்தான். தானியங்கி நிலையில் வைத்திருந்தால் சுமார் 10 விநாடியில் மாறியிருக்கும். அன்று அது கையால் இயக்கும் நிலையில் இருந்தது, அதனால்தான் 58 விநாடி ஆனது. மாற்று ஏற்பாட்டை வாங்கி வைத்துவிட்டு அதன் சுவிட்சை மேனுவலில் விடுவது கப்பலில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, ஆனால் கடலில் 48 விநாடி என்பது 200 மீட்டர்.

இரண்டாவது பிளாக்அவுட்: பம்ப்

முதல் பிளாக்அவுட்டை விதி என்று விட்டால்கூட, இரண்டாவதை அப்படி விட முடியாது.

ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் எண்ணெய் தள்ள முறையான சப்ளை பம்புகள் இருக்கின்றன. ஒன்று நின்றால் அடுத்தது தானாக ஓடும். கரண்ட் போய்த் திரும்பினால் அவை தாமாகக் கிளம்பும். டாலியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஜெனரேட்டர்களுக்கும் எண்ணெய் தந்துகொண்டிருந்தது அவை இல்லை, ஃபிளஷிங் பம்ப் என்ற வேறொன்று. பெயரே சொல்கிறது, அது குழாய்களைக் கழுவிவிட வைத்த பம்ப். அதைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தானாகக் கிளம்பும் வசதி கிடையாது.

கோர்வையாகச் சொன்னால் இதுதான் நடந்தது. முதல் பிளாக்அவுட்டில் 440 வோல்ட் போனதும் ஃபிளஷிங் பம்ப் நின்றது. ஜெனரேட்டர்கள் மட்டும் குழாயில் மிச்சமிருந்த எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் 6,600 வோல்ட் போகவில்லை. கரண்ட் திரும்பியது, எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள், ஆனால் ஃபிளஷிங் பம்ப் திரும்பவில்லை. அதை யாராவது போய்க் கையால் போட வேண்டும், அந்த நேரத்தில் அது யார் நினைவுக்கு வரும்? எண்ணெய் அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக மூச்சு முட்டி நின்றன. தயார்நிலையில் இருந்த வேறொரு ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி மின்சாரம் மறுபடி வந்தது. அதற்குள் தூண் வந்துவிட்டது.

முந்தின நாள்

துறையில் நின்றிருந்தபோது, கிளம்புவதற்குச் சுமார் பத்து மணி நேரம் முன்னால், கப்பலில் இரண்டு முறை கரண்ட் போயிருந்தது. பராமரிப்பு வேலையின்போது ஒருவர் ஒரு ஜெனரேட்டரின் புகைக்குழாயில் இருந்த தடுப்பைத் தவறுதலாக மூடிவிட்டார். புகை வெளியேற வழியில்லாமல் அது நின்றது. அடுத்த ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி, எண்ணெய் அழுத்தம் போதாமல் அதுவும் நின்றது. இந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள்: எண்ணெய் அழுத்தம் போதாமல். பாலத்தின் முன்னால் நடந்த இரண்டாவது பிளாக்அவுட்டின் ஒத்திகை போலத் தெரிகிறது. துறையில் கட்டியிருக்கும் கப்பலில் கரண்ட் போனால் எரிச்சல், அவ்வளவுதான். அதனால் அது எரிச்சலாகவே முடிந்துபோனது.

முடியவில்லை, ஒரு வால் இருந்தது. பல மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மர். துறையில் கரண்ட் போன பிறகு, சரிசெய்யும் வேலையின் பகுதியாக, மாலுமிகள் முதலாம் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றினார்கள். லேபிள் முட்டிய ஒயர் இருந்தது இந்த முதலாவதன் பிரேக்கரில்தான். அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன், சந்தேகம் வந்தால் மாற்றுப் பக்கத்துக்குப் போவதுதான் எந்த என்ஜினியரும் செய்வது. எந்தப் பக்கத்தில் ஒயர் தளர்ந்திருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

என்ஜினை மறுபடி ஓட்டியிருக்க முடியாதா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் பிளாக்அவுட்டுக்கும் மோதலுக்கும் நடுவில் நான்கு நிமிடம். இந்த ரக என்ஜினை மறுபடி ஓட்ட முதலில் மின்சாரம் வர வேண்டும், அப்புறம் தண்ணீர், எண்ணெய், ஹைட்ராலிக் பம்புகள் வரிசையாகக் கிளம்பி அழுத்தம் ஏற வேண்டும், நின்றதற்கான காரணம் நீங்கியதைப் பார்த்து நிறுத்தத்தை ரீசெட் செய்ய வேண்டும், அதன் பிறகுதான் காற்றை விட்டுச் சுழற்றலாம். நடுவில் இன்னொரு பிளாக்அவுட் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மோதும் வரை அது ஓடவில்லை.

நின்றிருக்கவே வேண்டியதில்லை என்று வாதிடுவோரும் உண்டு. தண்ணீர் அழுத்தம் விழுந்தால் உடனே நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும்படி என்ஜினை அமைக்கலாம், அப்படிப்பட்ட கப்பல்கள் இருக்கின்றன. ஒரு நிமிடம் தண்ணீர் இல்லாமல் ஓடினால் லைனரோ (சிலிண்டரின் உள்சுவர்) சிலிண்டர் மூடியோ விரிசல் விடலாம். பல லட்சம் டாலர் செலவு. நடுக்கடலில் என்ஜினைக் காப்பாற்றுவது சரி. பாலத்துக்கு மூன்று கப்பல் நீளம் முன்னால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று என்ஜினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு அழுத்தமானி காட்டும் எண் மட்டும்.

சுக்கானின் ஒரு பம்புக்கு மட்டும் அவசர ஜெனரேட்டர் மின்சாரம் தந்தது. சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி அந்த ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் மின்சாரம் தர வேண்டும். ஆனால் சுக்கானின் வலிமையே ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளும் தண்ணீரில் இருக்கிறது. ப்ரொப்பெல்லர் நின்றால் சுக்கான் வெறும் இரும்புப் பலகை மாதிரி, திரும்பும், கப்பல் கேட்பதுதான் மிகக் குறைவு. நங்கூரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரு லட்சம் டன்னை அது ஓரிரு நிமிடத்தில் பிடித்து நிறுத்தாது.

பாலத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 1977-இல் திறந்த பாலம் அது. 1980-இல் இதே பாலத்தின் தூண்காப்பில் புளூ நகோயா என்ற கன்டெய்னர் கப்பல் மோதி, சின்னச் சேதத்தோடு முடிந்தது. அது டாலியோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. கப்பல்கள் வளர்ந்தன, தூணைச் சுற்றியிருந்த காப்பு வளரவில்லை. பெரிய கப்பல் மோதினால் என்னாகும் என்ற மதிப்பீட்டைப் பாலத்தின் பொறுப்பாளர்கள் செய்திருக்கவும் இல்லை என்பது விசாரணையில் வந்தது.

பாலத்தின் இரும்பு தன் முன்பகுதியின் மேல் கிடக்க, டாலி எட்டு வாரம் அங்கேயே நின்றது. 2024 மே 20-இல் மிதக்கவைத்துத் துறைக்கு இழுத்துப்போனார்கள். ஜூன் 24-இல் அது நார்ஃபோக்குக்குக் கிளம்பியபோது, நான்கு டக் படகுகள் கூடவே வந்தாலும், கப்பலை ஓட்டியது அதே ஒன்பது சிலிண்டர் என்ஜின்தான்.